ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், ரூ.900: தருமபுரியில் ஒரு பயிலரங்கு

தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில், புரட்டாசியிலும் ஐப்பசியிலுமாக ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் காலை பத்தரை முதல் ஒன்றரை வரை ஒரு பயிலரங்கு நடந்தது. காலனிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளில் பால்புதுமையினர் (தன்பால் ஈர்ப்பு கொண்டோர், திருநர் முதலியோர்) இயக்கங்கள் எப்படி வளர்ந்தன, காலனிய நீக்கச் சிந்தனை அவற்றுக்கு எந்த அளவு கைகொடுக்கிறது என்பதே பொருள். கட்டணம் ரூ.900, மாணவர்களுக்கு ரூ.300, திருநர்களுக்குக் கட்டணம் கிடையாது. நடத்தியவர்கள் நான்கைந்து பேர் கொண்ட ஒரு வாசிப்புக் குழுவினர். வந்திருந்தவர்களில் வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர்களும் உண்டு என்பதால் குழுவின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தை பிறந்ததும் அடுத்த சுற்று தொடங்கவிருக்கிறது. போகலாமா என்று என்னிடம் கேட்ட இரண்டொருவருக்காகவும், கேட்கத் தயங்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன், மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பொருளில் எனக்கு முன்பழக்கம் இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டில் சொன்னான். செல்போனில் வந்த வெள்ளைக்காரன் வியாதி என்றாள் என் தங்கை. மைத்துனர் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். இந்தப் பயிலரங்குக்கு எனக்கான பணத்தை அவனே கட்டிவிட்டு, "மாமா, நீங்க படிக்கிற ஆளு. வெள்ளைக்காரன் கொண்டாந்தது எதுன்னு போய்க் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினான். ஆகவே நான் நடுநிலையான வாடிக்கையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: படிகள் செங்குத்தானவை, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். மின்விசிறி ஓடினால் பேச்சு கேட்காது, நிறுத்தினால் உட்கார முடியாது. கழிப்பறை ஒன்றுதான், கதவில் 'ஆண்கள்' என்று பெயிண்டால் எழுதியிருந்தது. முதல் வாரமே யாரோ காலண்டர் தாளைத் திருப்பி அதன்மேல் ஒட்டி, 'எல்லோரும்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள். மூன்றாம் வாரம் அதைக் கிழித்திருந்தார்கள். நான்காம் வாரம் வேறொரு மாதத்தின் தாள் அங்கே இருந்தது. இடைவேளையில் தேநீரும், எங்கள் ஊர் நிப்பட்டும் உண்டு. கொடுத்த நகல்கள் மங்கலானவை. சில பக்கங்களில் கடைசி வரி அறுந்துபோயிருந்தது. ரூ.900 வாங்குபவர்கள் இதையாவது கவனித்திருக்கலாம்.

முதல் வாரம் சோர்வளித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்காலனியம் என்பது எது, காலனிய நீக்கம் என்பது எது என்று பிரித்துக் காட்ட முயன்றவர், எட்வர்ட் சயீத், காயத்ரி ஸ்பிவாக் என்று தொடங்கி, பெரு நாட்டின் ஆனிபல் கிஹானோ, அர்ஜென்டினாவில் பிறந்த மரியா லுகோனெஸ் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார். அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ஆட்சியாளன் கப்பலேறிப் போன பிறகும் அவன் வகுத்துவைத்த தரம்பிரிப்பு, அதாவது யார் மேல், யார் கீழ், எது அறிவு, எது மூடத்தனம் என்பது நம்முடைய அலுவலகத்திலும் பள்ளியிலும் படுக்கையறையிலும் தங்கிவிடுகிறது என்கிறார் கிஹானோ; ஆண், பெண் என்று இரண்டே பெட்டிகளில் எல்லாரையும் போட்டுப் பூட்டியதும் அந்தத் தரம்பிரிப்பின் ஒரு பகுதி என்று 2007இல் வெளிவந்த கட்டுரையில் லுகோனெஸ் வாதிடுகிறார். இதைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் தேவையில்லை. நைஜீரியாவின் ஒயெரோன்கே ஒயெவுமியைப் பற்றி ஐந்தே நிமிடம் பேசியதுதான் எனக்கு அன்றைய ஆதாயம். யொரூபா மொழியின் பிரதிப்பெயர்களில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை என்றும், அந்தச் சமூகத்தை ஒழுங்குபடுத்தியது வயது மூப்பே என்றும் அவர் எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக இலக்கணம் நடத்தியவனுக்கு இதைக் கேட்டவுடன் தமிழ்தான் நினைவுக்கு வந்தது. அவன், அவள் என்று பால் காட்டும் நம் மொழி, மரியாதை கூடி 'அவர்' என்று சொல்லும்போது பாலை மறைத்துவிடுகிறது. எந்த ஊர்த் திண்ணையிலும் 'அவங்க வந்தாங்க' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று அந்த வாக்கியம் காட்டிக்கொடுக்காது. வகுப்பில் இதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மணி ஒன்றரை ஆகிவிட்டது.

இரண்டாம் வாரத்திலிருந்து நிலைமை மாறியது. அன்று பேசியவர் ஒரு வழக்கறிஞர், பெயர்களை அடுக்கவில்லை. கரும்பலகையில் 377 என்று எழுதிவிட்டு, 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், தன்பாலினத்தாரிடையேயான உறவுக்கு எதிராகப் பயன்பட்ட அந்தப் பிரிவை எங்களையே தமிழாக்கச் சொன்னார். 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக' என்று எல்லாரும் எழுதினோம். 'இயற்கை' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் மறுபடி எழுதுங்கள் என்றார். ஒருவராலும் எழுத முடியவில்லை. ஒருவர் 'முறை' என்றார், இன்னொருவர் 'வழக்கம்' என்றார், அதற்குமேல் யாருக்கும் ஓடவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, "கல்லுக்கு பாலிஷ் போடுறதுகூட இயற்கைக்கு மாறுதாங்க சார். அதுக்கு யாரும் பத்து வருஷம் போடலியே" என்றார். ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டுச் சிறை வரை விதிக்கக்கூடிய ஒரு பிரிவு எவ்வளவு மெல்லிய சொல்லின்மேல் நின்றது என்பதை ஒரு மணி நேர உரையைவிட அந்த ஒரு வரி எனக்குத் தெளிவாக்கியது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அதைத் தளர்த்தியது, 2013இல் உச்சநீதிமன்றம் மீண்டும் நிமிர்த்தியது, 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்று தீர்த்தது என்பதெல்லாம் நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. தெரியாத ஒன்றை வழக்கறிஞர் சொன்னார். அடிமைச் சின்னங்களைத் துடைப்பதாக அறிவித்து 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 377ஐ முழுவதுமாக விட்டுவிட்டது. விருப்பமில்லாமல் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆணுக்கோ திருநருக்கோ பழைய பிரிவில் எஞ்சியிருந்த பாதுகாப்பும் அதோடு போய்விட்டது. காலனிய நீக்கம் என்ற சொல்லை அரசும் பயன்படுத்தும், அப்போது அதற்கு வேறு பொருள் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வெளிநாட்டுப் புத்தகங்களில் கிடைக்காது.

இந்தப் பயிலரங்குக்கு நான் முழு மனதோடு பரிந்துரை செய்வது மூன்றாம் வாரத்துக்காகத்தான். பொருள், 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். குறவர், கள்ளர் என்று சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிய சட்டம் என்றே அதை நான் அறிந்திருந்தேன். அதன் இரண்டாம் பகுதி இன்று நாம் திருநங்கைகள் என்று அழைப்பவர்களைப் பற்றியது என்பது எனக்குப் புதிய செய்தி. வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகிய இடங்களில் அவர்களுக்காக ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. அதில் பெயர் ஏறியவர் பெண்ணுடையோ அணிகலனோ அணிந்து தெருவில் தென்பட்டாலும், பொது இடத்தில் ஆடினாலும் பாடினாலும், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறையில் வைக்கலாம். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனை அவர் தம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தத்தெடுக்கக் கூடாது, உயில் எழுதக் கூடாது, தானமாக எதையும் கொடுக்கக் கூடாது. உயிரோடு இருப்பவரைக் கொல்லாமல், அவருக்குப் பின் எதுவும் எஞ்சாதபடி செய்யும் ஏற்பாடு இது. 2014 ஏப்ரல் 15 அன்று திருநரின் உரிமைகளை ஏற்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பும் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லித்தான் மேலே போகிறது.

பேசியவர் இந்த இடத்தில் காட்டிய நேர்மையைக் குறிப்பிட வேண்டும். இந்த இரண்டாம் பகுதி சென்னை மாகாணத்துக்கு வரவே இல்லை என்று அவரே சொன்னார். 1911இல் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோது அந்தப் பகுதி கைவிடப்பட்டது, குற்றப் பரம்பரைப் பகுதி மட்டும் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அப்படியானால் தருமபுரியில் இதை ஏன் பேசுகிறோம் என்று ஒரு மாணவி கேட்டார். அதற்கான விடை பேச்சாளரிடமிருந்து வரவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த, என் வயதை ஒத்த ஒருவரிடமிருந்து வந்தது. சேலம் மாவட்டமாக இந்தப் பகுதி இருந்த காலத்தில் பட்டியலில் ஏற்றப்பட்ட குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். "எங்க தாத்தா ராத்திரி ஸ்டேஷன்ல கைநாட்டு வெச்சுட்டுத்தான் தூங்கப் போவாராம். வயசான காலத்துல, சட்டம் போயிருச்சுன்னு சொன்ன பிறகும், பொழுது சாஞ்சா சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாராம்" என்றார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த ஒரு திருநங்கை, அடையாள அட்டைக்காகத் தாம் எத்தனை முறை எங்கெங்கே போய் நின்றார் என்பதை அதற்குப் பின் சொல்லத் தொடங்கினார். இருவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள, பேச்சாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். ஒரே சட்டத்தின் இரண்டு பகுதிகள் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பாத்திரக்கடை மாடியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. கீழே யாரோ குக்கர் மூடிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதிவேடு என்ற சொல்லே அன்றைய மிச்ச நேரத்தையும் எடுத்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வகுத்த முறைப்படி, திருநர் என்ற சான்றிதழை மாவட்ட ஆட்சியர் தந்தார். இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்க முடிந்தது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிய சான்றிதழ் வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்கான மருத்துவமனைச் சான்று கேட்கப்பட்டது. ஆனால் அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றுதான் 2014 தீர்ப்பு சொன்னது. பழைய பதிவேடு தண்டிப்பதற்கு, புதியது உதவுவதற்கு என்பதை யாரும் மறுக்கவில்லை. என்றாலும், நீ யார் என்பதை எழுதிக்கொள்ளும் பேனா இரண்டிலும் ஆட்சியர் கையில்தான் இருக்கிறது என்று அந்த மாணவி சொன்னபோது, அது கூடுதலான குற்றச்சாட்டோ என்று முதலில் தோன்றியது. தத்தெடுப்பைப் பற்றியும் வாரிசுரிமையைப் பற்றியும் 2019 சட்டம் வாய் திறக்கவில்லை என்பதைப் படித்த பிறகு அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நான்காம் வாரம் பிற நாடுகள். போட்ஸ்வானாவின் உயர்நீதிமன்றம் 2019இல் 377ஐப் போன்ற சட்டத்தை நீக்கியது. அதே ஆண்டில் கென்யாவின் உயர்நீதிமன்றம் அதைத் தக்கவைத்தது. 2023இல் மொரீஷியஸ் உச்சநீதிமன்றம், அந்தச் சட்டம் மண்ணின் மதிப்பீடுகளிலிருந்து பிறந்ததன்று, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து வந்து சேர்ந்தது என்று குறிப்பிட்டது. சிங்கப்பூர் 2022இல் 377ஏ பிரிவை நீக்கியது, நீக்கிய கையோடு திருமணத்தின் இலக்கணத்தை நீதிமன்றங்கள் தொடாதபடி அரசியல் சட்டத்தையும் திருத்தியது. இவை வேகமாகக் கடந்துபோயின. இரண்டு நாடுகளில் மட்டும் நின்று பேசினார்கள், அது சரியான தேர்வு. உகாண்டாவில் பிரிட்டிஷ் காலத்துத் தண்டனைச் சட்டம் ஏற்கெனவே இருக்க, 2023இல் மரண தண்டனை வரை போகும் ஒரு புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள், மேற்கத்திய நாடுகளின் திணிப்பை எதிர்ப்பதாகவே பேசினார்கள். வெள்ளைக்காரன் எழுதிய குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எதிர்ப்பவர்களை வெள்ளைக்காரனின் ஆட்கள் என்கிறார்கள். என் தங்கை சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவள் உகாண்டாவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

இலங்கையின் கதை இன்னும் உறுத்தியது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. சுதந்திரம் பெற்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆன பின், 1995இல், அந்நாட்டு நாடாளுமன்றமே அதைத் திருத்தி, ஆண்கள் என்றிருந்ததை ஆட்கள் என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதைச் செய்தவர்கள் லண்டனில் இல்லை. அப்போது ஒருவர், 1791இலேயே பிரான்சு தன் சட்டத்தொகுப்பிலிருந்து இந்தக் குற்றத்தை எடுத்துவிட்டதே, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் இவர்கள் வாழ்க்கை கடலூரைவிட எளிதாக இருந்ததா என்று கேட்டார். நல்ல கேள்வி. பார்த்துச் சொல்கிறேன் என்றார் பேச்சாளர். ஆறாம் வாரம் வரை பார்க்கவில்லை.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. சட்டம் கப்பலில் வந்தது என்பதை இந்தப் பயிலரங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது. நிறுவிய பிறகு, வீட்டைக் கேள்வி கேட்க மறந்துவிடுகிறது. ஐந்தாம் வாரம் நம் மரபைப் பற்றிய வாரம். கூத்தாண்டவர், அரவான், கூவாகத்துச் சித்திரைத் திருவிழா, நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் நடக்கும் பாரதக் கூத்து, அதில் ஆண்கள் கட்டும் பெண் வேடம் என்று படங்களோடு காட்டி, வெள்ளையன் வருவதற்கு முன் நம்மிடம் இதற்கெல்லாம் இடம் இருந்தது என்று முடித்தார்கள். அரங்கு மகிழ்ந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏனென்றால் தொல்காப்பியத்தை எடுத்துக்காட்டியபோது நான் எழுந்து அதை விரித்துச் சொன்னேன். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் உயர்திணையில்தான் வைக்கிறார். அதற்கெனத் தனி ஈறு இல்லை என்றும், ஆண்பால் ஈறு அதற்குப் பொருந்தாது என்றும் கிளவியாக்கத்தில் சொல்கிறார். ஆணல்லாதவரை அஃறிணையில் தள்ளவில்லை என்று நான் சொன்னதற்குக் கைதட்டினார்கள்.

அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியதை நான் அன்று சொல்லவில்லை. பிறன்மனை நயவாமையைப் பேசும் நாலடியார்ச் செய்யுள் ஒன்று, முற்பிறவியில் அடுத்தவன் மனைவியை நாடியவர்களே இப்பிறவியில் அலியாகப் பிறந்து ஆடிப் பிழைக்கிறார்கள் என்கிறது. அதை எழுதியவருக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலேயைத் தெரியாது. உயர்திணையில் இடம் கொடுத்ததும் நம் நூல்தான், பிறப்பையே தண்டனையாகச் சொன்னதும் நம் நூல்தான். ஒன்றை மட்டும் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டவன் நான் என்பதால், நடத்தியவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்த மகிழ்ச்சியைக் கலைத்தவர், மூன்றாம் வாரத்தில் அடையாள அட்டை பற்றிப் பேசிய அதே திருநங்கை. எல்லாரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள், என்னைவிட இருபது வயது இளையவர் என்றாலும் நானும் அப்படியே அழைத்தேன். கூத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்க ஊர்லயும் திரௌபதை வேஷம் கட்டுறவரு இருந்தாரு. விடிய விடிய ஆடுவாரு, ஊரே கால்ல விழும். விடிஞ்சா மூஞ்சியைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு, பொண்டாட்டி காப்பி வெச்சுக் குடுப்பாங்க. என்னை அடிச்சுத் தொரத்தினவங்கள்ல அவரும் ஒருத்தரு. வேஷத்தைக் கலைச்சா அவரு ஆம்பளை. நான் கலைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார். படம் காட்டும் கருவியை அணைக்க வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். மேடைக்குக் கிடைக்கும் மரியாதை தெருவுக்கு வருவதில்லை என்பதைப் பேச அன்று ஒரு முழு அமர்வு தேவைப்பட்டது. பட்டியலில் இல்லை என்று தேநீருக்குப் போய்விட்டார்கள்.

தேநீரின்போது நான் என் இலக்கணக் குறை ஒன்றையும் சொல்லிவைத்தேன். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக, பத்திரிகைகளும் காவல்துறையும் மரியாதையான சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பயிலரங்கு நெடுகிலும் அந்தச் சொற்களையே பயன்படுத்தினார்கள், அது நன்று. ஆனால் 'பால்புதுமையினர்' என்ற சொல்லில் 'புதுமை' என்று இருக்கிறதே, இது பழையது என்று ஐந்து வாரமாக நீங்கள் நிறுவ முயல்வதற்கு அந்தச் சொல்லே எதிர்ச்சாட்சியாக நிற்கிறதே என்று கேட்டேன். கிரானைட் பட்டறை இளைஞர் நிப்பட்டைக் கடித்துக்கொண்டே, "பழசா இருந்தாத்தான் மரியாதையாங்க சார்? நான் நேத்துப் பொறந்த மாதிரியே இருந்துட்டுப் போறேனே" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சங்க இலக்கியத்தில் சான்று கிடைத்தால் என் தங்கையிடம் காட்டலாம் என்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த பக்கம் அன்றிலிருந்து அப்படியே கிடக்கிறது.

ஆறாம் வாரம் இன்றைய நிலை. 2008இல் தமிழ்நாட்டில் அமைந்த நல வாரியம், நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம், பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட விதி என்று பயனுள்ள செய்திகள் கிடைத்தன. கடைசி ஒரு மணி நேரம் விண்ணப்பங்களை நிரப்ப உதவினார்கள். கட்டணத்தில் பாதி அதற்கே தகும். ஓர் ஆவணத்தில் 'பிரியா' என்றும் இன்னொன்றில் 'ப்ரியா' என்றும் இருந்ததைக் கண்டுபிடித்து, எதை முதலில் திருத்தினால் மற்றது எளிதாகும் என்று பொறுமையாகச் சொன்ன இளம்பெண்ணின் நிதானம் பல அலுவலகங்களில் காணக் கிடைக்காதது.

திருமண உரிமை பற்றிய 2023 வழக்கில், இது நகரத்து மேல்தட்டினரின் கருத்து என்று ஒன்றிய அரசு வாதிட்டதையும், தலைமை நீதிபதி சந்திரசூட் அதை மறுத்து எழுதியதையும் அன்று சொன்னார்கள். அந்த மாடியில் இருந்த இருபத்திரண்டு பேரில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர் வழக்கறிஞர் ஒருவர்தான். 2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் எடுத்துச் சொன்னார்கள். வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த பெண்ணொருவரைப் பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருக்க, அவருடைய தோழி தொடுத்த வழக்கு அது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் பூட்டியது சட்டமன்று, பெற்றவர்கள். காலனியத்தை விட்டு வீட்டுக்குள் நுழைய இதைவிட அகலமான வாசல் கிடைக்காது. அங்கேயும் ஏனோ திரும்பிவிட்டார்கள்.

தருமபுரியில் வீடு என்றால் சாதியைச் சொல்லாமல் பேச முடியாது. 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக வைத்து, இதே மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. யார் யாரோடு சேரலாம் என்பதைக் காவல் காக்க இந்த ஊருக்கு 377 தேவைப்படவில்லை. ஆணும் பெண்ணும் மணந்துகொண்டதற்கே இது நடந்த மண்ணில், ஆறு வாரப் பயிலரங்கில் சாதி என்ற சொல்லைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பேசிய அன்று மட்டுமே கேட்டேன். வருபவர்கள் பல சாதிக்காரர்கள், மனம் நோகக் கூடாது என்பது காரணமாக இருக்கலாம். இருந்தாலும் பெருவையும் அர்ஜென்டினாவையும் அழைத்து வந்தவர்கள் பக்கத்துத் தெருவை விட்டுவிட்டார்கள்.

நிலத்தையும் விட்டுவிட்டார்கள். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்த பாரமஹாலில் அடங்கியவைதான் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியின் பெரும்பகுதியும். அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுபவரோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் இரயத்துவாரி முறையை முதலில் சோதித்துப் பார்த்தது இங்கேதான். அளப்பது, எழுதுவது, ஒரு பெயரின் கீழ் உரிமையைக் கட்டுவது என்று காலனிய அறிவின் எல்லா வேலையும் நடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு வியப்பு. அக்காவிடம் இடைவேளையில் ஒரு நாள் கேட்டேன், இந்தச் சட்டமெல்லாம் போனதில் உங்களுக்கு என்ன மாறியது என்று. அப்பா இறந்த பிறகு தம்பிகள் இருவரும் ஒன்றேகால் ஏக்கரைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், பத்திரத்தில் தன் பெயரே இல்லை, வாரிசுச் சான்றிதழுக்குப் போனபோது இப்படி ஒரு பிள்ளை இருந்ததாகவே எழுதிக்கொடுக்கவில்லை என்று சொன்னார். உயில் எழுதக் கூடாது என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பக்கம் வந்ததேயில்லை என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், ரூ.900 கொடுத்துப் போகலாம் என்றே சொல்வேன். முதல் வாரத்தைத் தவிர்த்தாலும் இழப்பு அதிகமில்லை, மூன்றாம் வாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிட வேண்டாம். பெற்றோர்கள் வந்தால் நல்லது, ஆனால் பிள்ளையைத் திருத்திக் கூட்டிவரும் வழி கிடைக்கும் என்று நினைத்து வருபவர்கள் பஸ் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். படம் எடுக்கவும் பதிவு செய்யவும் அனுமதியில்லை, செல்போனை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

சாதியையும் நிலத்தையும் பற்றி ஏழாவதாக ஒரு வாரம் வேண்டும், நாலடியாரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நடத்துபவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "நீங்களே எடுங்க சார். தை மாசம் மூணாவது ஞாயிறு ஒதுக்கட்டுமா? உங்க வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொன்னா நல்லா இருக்கும்." தங்கை மகனிடம் காட்டினேன். "அம்மாவையும் கூட்டிட்டு வரேன், எடுங்க மாமா" என்றான். நான் இன்னும் பதில் எழுதவில்லை.